உதடு படித்த மாதங்கள்

தில்லையடி, புத்தளம்
2024 ஒக்டோபர் 6

அன்புள்ள தம்பி ஜவ்பருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். பஸ் படியில் இறங்கும்போது மட்டும் முழங்கால் கொஞ்சம் முரண்டு பிடித்தது. நீயும் பர்வினும் மகள் அஸ்னாவும் நலமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும்.

முள்ளியவளையில் பஸ் புறப்படும் நேரம் பார்த்து ஒரு கேள்வி கேட்டாய். "வாத்தி இல்லாமல் ஒரு மனிசன் புதுசா ஒண்டைப் படிக்கேலுமோ ராத்தா? அதுவும் இந்த வயசில?" நான் யன்னலுக்குள்ளால் பதில் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டு தலையாட்டினாய். உனக்கு அது கேட்டிருக்காது என்பது பஸ் ஒட்டுசுட்டானைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

முடியும் என்றுதான் சொன்னேன்.

உன் வலது காது சின்ன வயதிலேயே போனது. இடது காதைப் போன வருடக் காய்ச்சல் கொண்டுபோனது. காதில் மெஷின் மாட்டினால் சத்தம் வருகிறது, சொல் வரவில்லை என்கிறாய். டொக்டரும் இனி இவ்வளவுதான் என்றுவிட்டார். அப்படியானால் சொல்லை வேறு வழியால் எடுக்க வேண்டும். வாயைப் பார்த்தே பேச்சை அறிகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லித்தர உன் பக்கத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லை என்பதற்காகப் படிப்பும் இல்லை என்றாகிவிடாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தொண்ணூறில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு நாம் இங்கே அகதியாக வந்தபோது எனக்குப் படிப்பிக்கக் கிடைத்த பள்ளிக்கூடம் தூரம். பஸ் இல்லை. முப்பது வயதில் சைக்கிள் பழகினேன். யாரும் பார்க்கக்கூடாது என்று உப்பளப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் தனியாக விழுந்து எழும்பினேன். நான் விழுவதை மறைக்கப் பட்ட பாட்டில் பாதியைப் பழகுவதற்குப் பட்டிருந்தால் சீக்கிரமே ஓடியிருப்பேன். விழுகிறதை மற்றவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். தனியாகப் படிக்கிறவனுக்கு வேண்டிய முதல் குணம் அதுதான்.

உன் கடையில் ஆட்கள் நாள்தோறும் கேட்டு வாங்குகிற சாமான்களின் பேரில் தொடங்கு. சீனி, பருப்பு, சவர்க்காரம். கண்ணாடிக்கு முன் நின்று நீயே சொல்லி, உன் வாயைப் பார். எப்படிப் போகிறது என்று எழுது.

என் துஆவில் நீ எப்போதும் உண்டு.

ராத்தா ஜெமீலா

*

முள்ளியவளை
2024 நவம்பர் 3

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்லிப் பர்வின் சொல்கிறாள். இங்கே எல்லோரும் சுகம்.

போனில் எழுதி அனுப்பலாமே என்று அஸ்னா கேட்கிறாள். போன் வீட்டில் எல்லோருடைய கையிலும் சுற்றும். கடிதம் என் பேருக்கு வருகிறது. அதனால் இப்படியே எழுதுங்கள்.

கடைச் சுவரில் கண்ணாடி மாட்டிவிட்டேன். முதல் கிழமை என் மூஞ்சியைப் பார்த்து எனக்கே சலித்துவிட்டது. பிறகு ஒன்று கண்டுபிடித்தேன். 'ப' என்றாலும் 'ம' என்றாலும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கிறது. தொண்டைக்குள் பிறக்கிற எழுத்து வெளியே தெரியவே தெரியாது. ஆகவே தனிச்சொல்லைப் பிடிக்கப் போனால் தோற்றுப்போவேன். முழுப் பேச்சையும் பார்த்து, ஆள் யார், என்ன வாங்க வந்தார் என்பதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை ராத்தா. நானே கண்டது.

வட்டக்கச்சியிலிருந்து இங்கே வந்து வயல் செய்கிற மயில்வாகனத்தாரை உங்களுக்குத் தெரியும். அவர் வாயை நான் உற்றுப் பார்க்க, கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் வாயைப் பெரிதாகத் திறந்து, "ஜவ்பர், உதில பார்க்க ஒண்டுமில்லை, பல்லு மூண்டுதான் மிச்சம்!" என்றார். விளங்கியது. நானும் சிரித்தேன்.

பின்னேரங்களில் அஸ்னா எனக்கு எதிரே கதிரை போட்டு உட்கார்ந்து சத்தமில்லாமல் பேப்பர் வாசிக்கிறாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழைத்தால், "இல்லை வாப்பா, திருப்பி" என்பாள். அந்த ஒரு வசனம் எனக்கு நன்றாகப் பாடமாகிவிட்டது. அவள் கல்வியியற் கல்லூரிக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. உங்களைப் போல வாத்தியாராக வேண்டுமாம்.

உங்கள் தம்பி
ஜவ்பர்

*

தில்லையடி
2024 நவம்பர் 24

என் தம்பிக்கு,

ஸலாம். வேப்பெண்ணெய் நாற்றத்தில் முழங்கால் வலியே மறந்துபோனது என்று பர்வினிடம் சொல்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீ கண்டுபிடித்ததை நான் சொல்லித்தந்திருந்தால் அது என்னுடையதாகவே இருந்திருக்கும். இப்போது அது உன்னுடையது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் தொடக்க காலத்தில் பாடம் முடிந்ததும் "விளங்கினதா?" என்று கேட்பேன். எல்லாத் தலையும் ஆடும். தவணைப் பரீட்சையில் பார்த்தால் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. எனக்குச் சங்கடம் தரக்கூடாது, தங்களுக்கும் வெட்கம் வரக்கூடாது என்று ஆட்டுவார்கள். தலையாட்டுவது மரியாதை போலத் தெரியும். படிப்பை நிறுத்துகிற வேலை அது.

உன் பழக்கம் எனக்குத் தெரியும். விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல். மகளிடம் மட்டுமல்ல, கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிப் பழகு.

அஸ்னாவுக்கு அனுமதி கிடைத்த உடனே எழுது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ராத்தா

*

முள்ளியவளை
2025 ஜனவரி 19

ராத்தாவுக்கு ஸலாம்.

எழுதப் பிந்திவிட்டது. மழை வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்து சீனியும் மாவும் போய்விட்டன. மற்றப்படி அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். புத்தளத்திலும் வெள்ளம் என்று பேப்பரில் கண்டேன். வீடு பத்திரமா?

நல்ல செய்தி இரண்டு. அஸ்னாவுக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஆடி மாதம் தொடங்குமாம். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும்.

மற்றது, வவுனியாவில் துணிக்கடை வைத்திருக்கிற மஹ்றூப் என்பவரின் மகன் றிபாஸுக்கு அஸ்னாவைக் கேட்டு வந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் இருவரும் கண்டிருக்கிறார்கள். மகளுக்குச் சம்மதம். சம்பந்தம் பேச மஹ்றூப் காக்காவும் அவர்கள் பக்கத்து மௌலவியும் வந்தார்கள். எங்கள் பக்கம் பர்வினின் தம்பி வருவதாக இருந்தான். அவனுக்கு பஸ் தவறிவிட்டது. நானே தனியாக முன்னறையில் இருந்து எல்லாம் கதைத்தேன். பர்வின் காலையிலேயே என் காது மெஷினைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். வட்டிலப்பம் நன்றாக வந்திருந்தது. மஹ்றூப் காக்காவுக்கு நல்ல அடர்த்தியான தாடி. சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற மனிதர். எல்லாம் நல்லபடி முடிந்தது.

நிக்காஹ்வில் மகளைக் கொடுக்கிற வசனத்தை எனக்குப் பதிலாக மௌலவியைச் சொல்லவிடலாம் என்று பர்வின் சொல்கிறாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். எனக்கு இருப்பது ஒரு மகள். என் வாயால் சொல்லித்தான் அவளைக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்வதை நானே அறிய வேண்டும். அதற்காகத்தான் இனிப் பழகப் போகிறேன்.

ஜவ்பர்

*

தில்லையடி
2025 பெப்ரவரி 9

தம்பி ஜவ்பருக்கு,

ஸலாம். வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. வாசலோடு நின்றுவிட்டது.

கடிதத்தைக் கண்டு சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிறகு ஒரு வாத்தியார். அதோடு நிக்காஹ்.

அழுது முடித்துத் திரும்ப வாசித்தேன். வட்டிலப்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். மஹ்றூப் காக்காவின் தாடியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அஸ்னா கல்லூரிக்குப் போவதைப் பற்றி அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை. நிக்காஹ் படிப்புக்கு முன்னா பின்னா? படித்து முடியும்வரை பொறுப்பார்களா? அதை யார் கேட்டது, யார் பதில் சொன்னது?

குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. அறிய ஆசை. உடனே எழுது.

ராத்தா

*

முள்ளியவளை
2025 மார்ச் 16

ராத்தாவுக்கு,

நோன்பு காலத்து ஸலாம். நீங்கள் மருந்து குடிக்கிற சீனி வருத்தத்தோடு எல்லா நோன்பும் பிடிக்க வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறோம்.

நோன்பு திறக்க முன் கிடைக்கிற நேரத்தில் நிக்காஹ் வசனத்தைப் பழகுகிறேன். அஸ்னாதான் மாப்பிள்ளையாக நடிக்கிறாள். தலையில் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு எதிரே இருப்பாள். நான் சொல்லி முடித்ததும் சத்தம் விடாமல் "ஏற்றுக்கொண்டேன்" என்பாள். சில நேரம் என்னை ஏமாற்ற, "ஏத்துக்கொள்ள மாட்டன்" என்பாள். பிடித்துவிடுகிறேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் உதடு கலைந்துவிடும். "ஒழுங்கா இரு மாப்பிள்ளை" என்று அதட்டினால் இன்னும் சிரிப்பாள்.

அவள் வாயில் எனக்கு இப்போது எதுவும் தவறுவதில்லை.

கஞ்சிக்குக் கூப்பிடுகிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

ஜவ்பர்

*

முள்ளியவளை
2025 ஏப்ரல் 13

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அனுப்பிய பெருநாள் துணி அளவாக இருந்தது. நான் கடிதம் எழுதுவது வாப்பாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பெருநாள் கழிந்து றிபாஸின் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்லூரி விடுதிக்கென்று நான் வாங்கி வைத்த பையைக் கண்டார். "இதென்னத்துக்கு மகள்? நிக்காஹ் முடிய நீங்க படிக்கப் போறேல்ல எண்டு உங்கட வாப்பா சபையில ஒத்துக்கொண்டவர்தானே?" என்றார். உம்மா திகைத்துப்போய் நின்றார். றிபாஸ் என்னோடு போனில் கதைத்தபோது, "நீ படி, நான் பொறுப்பன்" என்றுதான் சொன்னவர். வாப்பாமார் அங்கே வேறு பேசி முடித்தது அவருக்கும் தெரியாது.

வாப்பாவுக்கு முன்னால் போய் நின்று கேட்டேன். "அவை படிப்பை விடச் சொல்லிக் கேட்டவையோ?" வாப்பாவுக்கு விளங்கியது. "என்ன கேட்டவை எண்டு எனக்குத் தெரியாது மகள். கனக்கக் கேட்டவை. நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டினான்" என்றார்.

மாமி, காது கேளாததற்கு நான் கோபிக்கவில்லை. என்னோடு இருக்கும்போது ஒரு வரிக்குப் பத்துத் தரம், "விளங்கேல்ல, திருப்பிச் சொல்லு" என்கிற மனிதர். என் வாழ்க்கையைப் பற்றிக் கேட்ட இடத்தில் ஒரு தரம் சொல்லக் கூடாதா?

காது விஷயம் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று உம்மா பயந்தார். அதனால்தான் வாப்பா கேட்கவில்லை. எனக்கு அதுவும் விளங்குகிறது. விளங்கி என்ன செய்ய? எனக்கு றிபாஸும் வேண்டும், படிப்பும் வேண்டும். சபையில் வாப்பா கொடுத்த வார்த்தையை நான் எப்படி மாற்றுவேன்?

உங்கள்
அஸ்னா

*

தில்லையடி
2025 ஏப்ரல் 20

தம்பி,

ஸலாம். இங்கே சுகம். அங்கே சுகமில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

பெப்ரவரியில் நான் கேட்ட கேள்விக்கு நீ விடை எழுதவில்லை. விடை உனக்கே தெரியாது என்பதால்தான் எழுதவில்லை என்று இப்போது புரிகிறது.

என் பங்கும் இதில் இருக்கிறது. கண்ணாடிக்கு முன் பழகச் சொன்னேன். கண்ணாடி யாரையும் குறைத்து எடைபோடாது. மகளும் எடைபோடமாட்டாள். அந்த இரண்டுக்கும் முன்னால் உனக்குத் துணிவு வந்தது. மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர் முன்னால் அது எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவில்லை. நீந்தப் பழகுகிறவனைக் கிணற்றடித் தொட்டியில் விட்டுவிட்டு, குளத்துக்குத் தயார் என்று சொன்ன மாதிரி.

இனி ஒரு வழிதான் தெரிகிறது. வவுனியாவுக்குப் போ. மஹ்றூப் காக்காவிடம், எனக்குக் காது கேட்கவில்லை, கேட்காமல் தலையாட்டினேன் என்று சொல். சம்பந்தம் முறியலாம். அதை நான் மறைக்கவில்லை. முதலில் அஸ்னாவிடம் கேள். அவள் போகச் சொன்னால் மட்டும் போ.

உனக்காக அழுகிற
ராத்தா

*

முள்ளியவளை
2025 மே 25

ராத்தாவுக்கு ஸலாம்.

சுகம் விசாரித்து எழுத இன்று மனம் வரவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அஸ்னாவிடம் கேட்டேன். மூன்றாம் நாள், "போங்கோ வாப்பா. றிபாஸ் எனக்காகக் கதைப்பார்" என்றாள். மெஷினை எல்லோரும் காணும்படி காதில் மாட்டிக்கொண்டு போனேன்.

துணிக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். "காக்கா, அண்டைக்கு நீங்க கேட்டது ஒண்டும் எனக்கு விளங்கேல்ல. எனக்குக் காது கேளாது. கேளாமத்தான் ஓம் எண்டனான். மகளைப் படிக்க விடவேணும்" என்றேன். என் சத்தம் பெரிதாக இருந்திருக்க வேண்டும். சீலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள்.

அவர் ஏதோ சொன்னார். தாடிதான் அசைந்தது. "விளங்கேல்ல, திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன். திருப்பிச் சொன்னார். மறுபடியும் அதையே கேட்டேன். கடைசியில் கோபத்தோடு ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். 'இது பரம்பரையாக வருகிற வருத்தமா?'

காய்ச்சலில் வந்தது என்றேன். ஒரு காது சின்ன வயதிலேயே போனதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். மறைத்து வைக்க எனக்கு இனித் தெம்பில்லை. அவர் முகம் மாறியது. அதைப் படிக்கப் பழக்கம் தேவைப்படவில்லை.

றிபாஸ் எனக்குப் பின்னால் ரோட்டுக்கு வந்தான். சவரம் செய்த முகம். வெயிலில் எனக்கு நேரே நின்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "மாமா, எனக்கு அஸ்னாவில விருப்பம்தான். ஆனா வாப்பா வேண்டாம் எண்டா அவரை எதிர்த்து நான் ஒண்டும் செய்ய மாட்டன். நீங்களே அவவிட்டச் சொல்லிவிடுங்கோ."

ஒரு சொல் தவறாமல் விளங்கியது ராத்தா. பழக்கமில்லாத ஒரு வாயிலிருந்து நான் முழுதாக எடுத்த முதல் பேச்சு அது. இத்தனை மாதம் பழகினேன். அன்றைக்கு மட்டும் விளங்காமல் போயிருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து அவன் சொன்னதை அப்படியே அஸ்னாவிடம் சொன்னேன். அவள் யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். ஏதும் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

ஜவ்பர்

*

முள்ளியவளை
2025 செப்டெம்பர் 7

ராத்தாவுக்கு,

ஸலாம். நீங்கள் இரண்டு கடிதம் போட்டும் நான் பதில் எழுதவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். கண்ணில் புரை என்று எழுதியிருந்தீர்கள். புரையை வெட்டி எடுக்கப் பயப்பட வேண்டாம்.

அஸ்னா ஆடியில் கல்லூரிக்குப் போனாள். பர்வின்தான் கூட்டிக்கொண்டு போனாள். என்னை வரச் சொல்லி அஸ்னா கேட்கவில்லை. கடையைப் பார்க்க ஆள் வேண்டும்தானே என்று நானும் நின்றுவிட்டேன்.

போன கிழமை லீவில் வந்தாள். மெலிந்திருக்கிறாள். மரியாதைக்குக் குறைவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். குசினியில் அடுப்பைப் பார்த்தபடி உம்மாவோடு கதைப்பாள். அவள் முதுகு அசைவதில் பேச்சு நடக்கிறது என்று மட்டும் தெரியும். நான் வாசலில் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். எனக்கு ஏதும் சொல்ல வேண்டுமென்றால் ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டுப் போவாள். 'தேங்காய் இல்லை.' 'நாளைக்கு ஏழு மணி பஸ்ஸில் போறன்.'

றிபாஸுக்கு வேறு இடத்தில் பேசுகிறார்களாம். பர்வின் தன்னைத்தான் ஏசிக்கொள்கிறாள்.

கடையில் இப்போது யார் வந்தாலும் அநேகமாகப் பிடித்துவிடுகிறேன். "உனக்கு முன்னால இனி ரகசியம் கதைக்கேலாது ஜவ்பர்" என்கிறார் மயில்வாகனத்தார். முன்னென்றால் இதை எழுத எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன். ஊர் முழுக்க என்னோடு கதைக்கிறது ராத்தா. நான் யாருடைய வாயில் படித்தேனோ அவள் கதைக்கவில்லை.

நான் வவுனியாவுக்குப் போய்ச் சொன்னது சரியா? நீங்கள் வாத்தியார். ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

ஜவ்பர்

*

தில்லையடி
2025 செப்டெம்பர் 21

என் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கண் வெட்டி ஒரு கிழமை. ஒரு கண்ணால் பார்த்து எழுதுவதால் வரி வளைந்திருக்கும்.

சரிதான் என்று நான் எழுதினால் உனக்கு இன்றிரவு நித்திரை வரலாம். அஸ்னாவுக்கு அதனால் ஒன்றும் திரும்பி வராது. பிழை என்று எழுதவும் எனக்கு மனமில்லை. அந்தக் கேள்விக்கு விடை என்னிடம் இல்லை. விளங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கணக்கில் ஓர் இடம் வரும். தெரிந்த வழி எல்லாம் செய்து பார்த்தாயிற்று, விடை வரவில்லை. அந்த இடத்தில் அநேகம் பிள்ளைகள் கொப்பியை மூடிவிடும். ஒன்றிரண்டு பிள்ளை மூடாது. அவை கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று நினைக்காதே. எழும்பிப் போக மனம் வராத பிள்ளைகள். அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைக்கும் விடை வந்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். மணி அடித்த பிறகும் அங்கேயே இருந்தார்கள் என்று மட்டும் சொல்வேன்.

நீ வாசலில் நிற்கிறாய். அவள் பேச்சை நிறுத்தினால் திரும்பிப் போய்விடுகிறாய். அவள் எழுதி வைத்த துண்டை வாசித்துத் தலையாட்டுகிறாய்.

மார்கழி லீவுக்கு வருவாள். அன்றைக்கு ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போ. அவள் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறாளோ அந்தப் பக்கத்தில் போட்டு உட்கார். அவள் திரும்பினால் நீயும் கதிரையைத் திருப்பிப் போடு. ஒன்றும் கேட்காதே, சமாதானம் சொல்லாதே. அவள் வாயைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இரு.